மேற்படிப்புத் தாளின் கடைசி வரி: வழிகாட்டி ஆசிரியர்களுக்கு எம்.ஆர்.ஐ. அறையிலிருந்து ஒரு மடல்

அரசுப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மேற்படிப்பு பற்றி எடுத்துச் சொல்லும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். சென்ற மே மாதம் என் அக்கா மகள் தன் பள்ளியில் கொடுத்த மேற்படிப்புத் தாளை என்னிடம் காட்டினாள். முதல் பக்கம் முழுக்க மருத்துவம், பொறியியல், சட்டம், வேளாண்மை. கடைசிப் பக்கத்தில் "நீட் தேர்வில் இடம் கிடைக்காதவர்களுக்கு" என்று ஒரு தலைப்பு. அதன் கீழே ஒரே வரியில் ஆறேழு படிப்புகள். அந்த வரியின் நடுவில் "ஸ்கேன் டெக்னீஷியன்" என்று இருந்தது. நான் 22 வருடமாகச் செய்துவரும் வேலைக்கு அந்தத் தாளில் கிடைத்த இடம் அவ்வளவே.

அந்தத் தாளைத் தயாரித்த ஆசிரியர் மீது எனக்குக் கோபம் இல்லை. தன் விடுமுறை நாள் ஒன்றை அதற்காகச் செலவிட்டிருப்பார். ஆனால் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் பிள்ளைகளில் சிலர் வந்து சேர வேண்டிய இடம் எங்கள் அறை. அது அவர்களுக்குத் தெரியாமலே போய்விடுகிறது. தெரிந்து வருகிறவர்களும் தோற்றுப்போனவர்கள் போலத் தலையைக் குனிந்துகொண்டு வருகிறார்கள். நானும் அப்படி வந்தவள்தான்.

பரமக்குடிப் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். டிப்ளமோ முடித்து ஸ்கேன் சென்டர்களில் வேலை பார்த்தேன். வேலை பார்த்துக்கொண்டே பட்டம் வாங்கினேன். இப்போது காலையில் நோயாளிகளுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கிறேன், அதாவது காந்தத்தையும் வானொலி அலையையும் வைத்து உடம்பின் உள்ளே படம் பிடிக்கிறேன். மதியத்துக்கு மேல் மூளை ஆய்வுக் குழு ஒன்றோடு உட்கார்ந்து, ஆய்வுக்கு வரும் தன்னார்வலர்களைப் படம் எடுக்கிறேன். இரண்டும் ஒரே கருவி, ஒரே நாற்காலி.

முதலில் இயற்பியல் ஆசிரியர்களிடம் பேசுகிறேன், ஏனென்றால் இந்தக் கருவி உங்களுடையது. அந்தத் தாளில் எங்கள் வேலை உயிரியல் படித்தவர்களுக்கு மிச்சம் கிடக்கும் வேலையாக இருந்தது. கருவிக்குள் நடப்பது முழுக்க நீங்கள் கரும்பலகையில் எழுதும் விஷயம்.

நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள். அந்த அணுவின் கருவில் இருக்கும் புரோட்டான் ஒரு குட்டிக் காந்தம். ஒரு ஆளைப் பெரிய காந்தத்துக்குள் படுக்க வைத்தால் இந்தக் குட்டிக் காந்தங்கள் என்ன செய்யும்? பம்பரம் வேகம் குறையும்போது தலையை ஆட்டிக்கொண்டு சுற்றுமே, அப்படிச் சுற்றும். 1.5 டெஸ்லா (காந்த வலுவின் அலகு) காந்தத்தில் நொடிக்கு ஏறத்தாழ 6 கோடியே 39 லட்சம் முறை. மெகாஹெர்ட்ஸில், அதாவது நொடிக்குப் பத்து லட்சம் முறை என்ற அலகில் சொன்னால், 64க்குக் கொஞ்சம் கீழே. பண்பலை வானொலி தொடங்குவது 88இல். இரண்டும் ஏறக்குறைய ஒரே தெருவில் குடியிருக்கின்றன. அதனால்தான் வெளியில் இருக்கும் வானொலி அலை உள்ளே நுழைந்து படத்தைக் கெடுக்காமல் இருக்க, அறையைச் சுற்றிலும் செப்புத் தகடு பதித்திருக்கிறோம்.

அதே அதிர்வெண்ணில் ஒரு வானொலி அலையைச் சில மில்லி நொடிகள் அனுப்பினால் பம்பரங்கள் சாய்கின்றன. அலையை நிறுத்தியதும், சுற்றிக்கொண்டே மெல்ல நிமிர்கின்றன. சுற்றும் காந்தத்தின் அருகில் கம்பிச் சுருள் இருந்தால் அதில் மின்னழுத்தம் தூண்டப்படும் என்று ஃபாரடேயைப் பற்றிச் சொல்லும்போது நடத்துகிறீர்கள். நோயாளியின் தலையில் நாங்கள் மாட்டும் கூண்டு போன்ற 'காயில்' அந்தக் கம்பிச் சுருள்தான். கொழுப்பில் இருக்கும் புரோட்டான் சீக்கிரம் நிமிரும். மூளையைச் சுற்றி இருக்கும் நீரில் உள்ளது நிதானமாக நிமிரும். இந்த நேர வித்தியாசம் படத்தில் வெளுப்பாகவும் கறுப்பாகவும் தெரிகிறது. உள்ளே போய் வந்தவர்கள் எல்லோரும் புலம்பும் அந்தத் தடதட சத்தமும் உங்கள் பாடத்தில் இருக்கிறது. காந்தப் புலத்துக்குள் மின்னோட்டம் பாயும் கம்பியின் மீது விசை செயல்படும். மின்னோட்டத்தை வேகமாக மாற்றி மாற்றி விடும்போது கம்பிச் சுருள்கள் அதிர்ந்து தட்டுகின்றன.

இதில் எனக்கு இன்றும் புல்லரிக்கும் ஒன்று உண்டு. பூமியின் காந்தப் புலத்தைவிட 30,000 மடங்குக்கு மேல் வலுவான காந்தத்துக்குள் வைத்தும், பத்து லட்சம் புரோட்டான்களில் ஏறத்தாழ 5தான் கணக்கில் மிஞ்சுகின்றன. மற்றவை ஒன்றையொன்று ஈடுகட்டி அடங்கிவிடுகின்றன. அந்த ஐந்தின் முனகலை வைத்துக்கொண்டு ஒரு தாயின் மூளையில் இருக்கும் கட்டி எந்த இடத்தில், எவ்வளவு பெரியது என்று சொல்கிறோம். இதை ஒரு முறை வகுப்பில் சொல்லிப் பாருங்கள். பின் வரிசையில் ஒரு தலையாவது நிமிரும்.

வழிகாட்டும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு மனிதரின் கதையைச் சொல்ல வேண்டும். 1940களின் கடைசியில் லண்டனில் 15 வயதுப் பையன் ஒருவன் பள்ளியை விட்டு வெளியேறும் நேரம். வேலை வழிகாட்டும் அதிகாரி அவனிடம் என்ன ஆசை என்று கேட்டார். அறிவியல் என்றான். உனக்கு அதற்கான தகுதி இல்லை, வேறு ஏதாவது சின்னதாகப் பார் என்றார் அவர். பையன் அச்சுத் தொழிலுக்குப் போனான். அப்புறம் ராக்கெட் ஆய்வுக்கூடம் ஒன்றில் உதவியாளன் வேலை கிடைத்தது. வேலை பார்த்தபடியே விட்ட படிப்பைப் பிடித்து, இயற்பியலில் 1962இல் முனைவர் பட்டம் வாங்கினார். அவர் பீட்டர் மான்ஸ்ஃபீல்ட். எம்.ஆர்.ஐ. படத்தை வேகமாக எடுக்கும் வழியைக் கண்டவர். 1978இல் பெரிய கருவி தயாரானபோது, இது இதயத்துக்கு ஆபத்தாக முடியலாம் என்று எச்சரிக்கை வந்திருந்தும், முதல் ஆளாகத் தானே உள்ளே போய் நின்றார். பால் லாட்டர்பர் என்ற வேதியியலாளரோடு சேர்த்து 2003இல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. 1973இல் வெளிவந்த லாட்டர்பரின் கட்டுரையையும் முதலில் 'நேச்சர்' என்ற அறிவியல் இதழ் திருப்பி அனுப்பியது. அதில் இருந்தது இரண்டு மெல்லிய குழாய்களில் இருந்த தண்ணீரின் மங்கலான படம்.

அந்த வழிகாட்டி அதிகாரி கெட்டவராக இருந்திருக்க மாட்டார். கையில் இருந்த மதிப்பெண்ணைப் பார்த்துச் சொன்னார். ஆசிரியர்களே, அந்த மேசைக்கு இந்தப் பக்கம் இன்று நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அதே 2003 டிசம்பரில் ஹரியானாவின் மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தவர் எங்கள் மாவட்டத்துக்காரர், அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம். கலாம் ஐயாவின் படத்தை எல்லாப் பள்ளிகளிலும் மாட்டியிருக்கிறோம். ராக்கெட்டைப் பற்றிச் சொல்லும்போது இந்த மையத்தைப் பற்றியும் சேர்த்துச் சொல்லலாமே.

சரி, வேலைக்கு வருகிறேன். டெக்னீஷியன் என்றால் பொத்தானை அழுத்துகிறவர் என்று பலர் நினைக்கிறார்கள். என் காலை நேரத்தில் பாதி ஊக்குக்கே போய்விடும். சேலையில் ஊக்கு, ரவிக்கையில் ஊக்கு, தாலிக் கயிற்றில் கோத்த நாலு ஊக்கு. "அம்மா, ஊக்கு ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டால் "இல்ல டாக்டரம்மா" என்பார்கள். தடவிப் பார்த்தால் இரண்டு இருக்கும். இடுப்பில் தாயத்து, காலில் மெட்டி. தாலியைக் கழற்றச் சொன்னால் அழுகிற பெண்கள் உண்டு. வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அவர் கையாலேயே கழற்றி வைக்கச் சொல்வேன். சிலருக்கு மஞ்சள் கயிறு கொடுத்துக் கட்டிக்கொள்ளச் சொல்வேன். இதயத்தில் பேஸ்மேக்கர் இருக்கிறதா, பட்டறையில் வேலை பார்த்தபோது கண்ணில் இரும்புத் தூள் பட்டதுண்டா, மூளையில் ரத்தக் குழாய்க்கு கிளிப் போட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். அவர்களுக்குப் புரியும் சொல்லில் கேட்க வேண்டும். காந்தம் எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கும், விளக்கை அணைப்பது போல அணைக்க முடியாது. சுமார் மைனஸ் 269 டிகிரியில் திரவ ஹீலியத்தில் மூழ்கிய, மின்தடையே இல்லாத மீக்கடத்திக் கம்பியில் மின்னோட்டம் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. 2018இல் மும்பை மருத்துவமனை ஒன்றில் ஆக்சிஜன் சிலிண்டரோடு அறைக்குள் போன ஒருவர் உயிரிழந்தார். நோயாளிக்குத் துணையாக வந்த உறவினர் அவர். அந்தக் கதவில் நிற்கிறவரின் படிப்பும் கவனமும் எவ்வளவு முக்கியம் என்று இதைவிட நான் எப்படிச் சொல்வது?

அப்புறம், ஆளை அசையாமல் படுக்க வைக்க வேண்டும். பயந்து நடுங்கும் பாட்டியிடம் மைக்கில் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். எந்தக் கோணத்தில் படத்தை வெட்டி எடுத்தால் அந்தச் சின்ன நரம்பு தெரியும் என்று கன்சோலில், அதாவது கருவியை இயக்கும் கணினி மேசையில், உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும். ரிப்போர்ட் எழுதுவது டாக்டர். ஆனால் மங்கலான படத்தை வைத்துக்கொண்டு எந்த டாக்டராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

மதியத்துக்கு மேல் வேறு உலகம். நோய் இல்லாதவர்கள் வருவார்கள். ஒரு சொல்லைத் திரையில் காட்டுவோம், ஒரு ஒலியைக் கேட்க வைப்போம், அந்த நேரத்தில் மூளையின் எந்தப் பகுதிக்கு ரத்தம் கூடுதலாகப் போகிறது என்று பார்ப்போம். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், அதை இறக்கிவிட்ட பிறகு காந்தத்தில் வேறு மாதிரி நடந்துகொள்கிறது என்று லைனஸ் பாலிங், சார்லஸ் கோரியல் என்ற வேதியியலாளர்கள் 1936லேயே கண்டார்கள். ஐம்பது வருடத்துக்கு மேல் கழித்து, 1990இல், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் செய்ஜி ஒகாவா எலிகளின் மூளையில் அதைப் படமாகக் காட்டினார். 1992இல் மனித மூளையிலும் பார்த்துவிட்டார்கள். ஊசி வேண்டாம், மருந்து வேண்டாம், ரத்தமே சாட்சி சொல்லும்.

ஆனால் அந்தச் சாட்சி மிக மெல்லிய குரலில் பேசும். மாற்றம் சில விழுக்காடுதான். மூளை வேலை செய்து ஐந்தாறு நொடி கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். மூளையைப் பல்லாயிரம் சின்னக் கட்டங்களாகப் பிரித்துத் தேடும்போது, தற்செயலாக ஏதாவது சில கட்டங்கள் ஒளிரவே செய்யும். 2009இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு செத்த சால்மன் மீனைக் கருவிக்குள் வைத்தார்கள். மனிதர்களின் படங்களை அதற்குக் காட்டினார்கள். புள்ளியியலில் செய்ய வேண்டிய திருத்தத்தைச் செய்யாமல் கணக்குப் போட்டபோது, அந்த மீனின் மூளையிலும் "செயல்பாடு" தெரிந்தது. கணக்கைச் சரியாகப் போட்டதும் மறைந்தது. எங்கள் குழுவில் புதிதாகச் சேரும் எல்லோருக்கும் இந்த மீனைப் பற்றித்தான் முதலில் சொல்வோம். உங்கள் பள்ளியில் புள்ளியியலும் நிகழ்தகவும் நன்றாக வரும் பிள்ளை இருந்தால், மூளை ஆய்வுக்கு அந்தப் பிள்ளை கட்டாயம் வேண்டும்.

இன்னொரு விஷயம் நம் ஊர்களைப் பற்றியது. மூளையைப் பற்றிய பெரிய தரவுத் தொகுப்புகள் பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எடுக்கப்பட்டவை. அவர்கள் சாப்பாடு, படிப்பு, மொழி, வேலை எல்லாம் வேறு. மறதி நோய் எங்கள் ஊர்க் கிழவிக்கு எப்படித் தொடங்குகிறது என்று அவற்றைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. இதற்காகவே பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உள்ள மூளை ஆராய்ச்சி மையம், கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் 45 வயதைக் கடந்த 10,000 பேரைச் சேர்த்துப் பல வருடம் தொடர்ந்து பார்ப்பது என்று ஓர் ஆய்வை நடத்துகிறது. எம்.ஆர்.ஐ.யும் அதில் ஒரு பகுதி. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் மனிதக் கருவின் மூளையை 5,132 மெல்லிய வெட்டுகளாகப் படம் பிடித்து, 2024 டிசம்பரில் உலகுக்கு இலவசமாகக் கொடுத்தது. அங்கே எம்.ஆர்.ஐ.யைவிட நுண்ணோக்கிக்குத்தான் வேலை அதிகம். ஆனாலும் தமிழ்நாட்டுப் பிள்ளை மூளை ஆய்வுக்கு அமெரிக்கா போயே ஆக வேண்டும் என்ற பேச்சு பழையது என்று காட்ட அதைச் சொல்கிறேன். தமிழில் வாசிக்கப் பழகும் ஆறு வயதுக் குழந்தைக்கு 'கொ' என்ற எழுத்தில் கொம்பு முன்னால் இருக்கிறது, ஒலி பின்னால் வருகிறது. அப்போது மூளை என்ன செய்கிறது? இந்தக் கேள்வியை ஒரு தமிழ் ஆசிரியரின் மாணவி கேட்டு ஆய்வு செய்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இப்போது கசப்பான பகுதி. நான் டிப்ளமோ படித்த தனியார் நிறுவனத்தில் எம்.ஆர்.ஐ. கருவியே இல்லை. ஜெராக்ஸ் எடுத்த படத்தில்தான் காந்தத்தைப் பார்த்தேன். அப்பா நகையை அடகு வைத்துக் கட்டிய பணம் அது. முதல் வேலையில் சேர்ந்த இரண்டாவது வாரம், பாக்கெட்டில் கத்தரிக்கோலோடு ஒரு நர்ஸ் உள்ளே போனதைத் தடுக்கத் தெரியாமல் நின்றேன். கத்தரிக்கோல் பறந்துபோய் காந்தத்தில் ஒட்டிக்கொண்டது. படுக்கையில் ஆள் இல்லாததால் தப்பித்தோம். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

ஆகவே பிள்ளைகளை அனுப்பும்போது கல்லூரியின் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது, பயிற்சிக்குப் போகும் மருத்துவமனையில் ஓடிக்கொண்டிருக்கும் எம்.ஆர்.ஐ. இருக்கிறதா, மாணவர் கன்சோலில் உட்கார விடுவார்களா என்று நேரில் போய்க் கேட்கச் சொல்லுங்கள். 2021இல் வந்த தேசியச் சட்டம் எங்கள் தொழிலையும் முறையாக அங்கீகரித்தது. இணை மருத்துவத் தொழில்களுக்கான அந்தச் சட்டப்படி, எங்களைப் போன்ற தொழில்நுட்பர்களின் டிப்ளமோவுக்கோ பட்டத்துக்கோ குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு வேண்டும். ஆறு மாதத்தில் ஸ்கேன் டெக்னீஷியன் ஆக்குகிறோம் என்று பேருந்து நிலையத்தில் நோட்டீஸ் ஒட்டுகிறவர்களிடமிருந்து நம் பிள்ளைகளைக் காப்பாற்ற, இந்த ஒரு எண்ணை அவர்கள் நோட்டில் எழுதிக்கொள்ளச் செய்தாலே போதும்.

சம்பளத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். சின்ன ஸ்கேன் சென்டர்களில் தொடக்கத்தில் குறைவுதான், இரவு டியூட்டியும் உண்டு. எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே போன்ற கதிர் கிடையாது. ஆனால் படிப்பில் எக்ஸ்ரேயும் சி.டி.யும் சேர்ந்தே வரும். அங்கே கதிரின் அளவைக் காட்டும் பேட்ஜ் அணிந்து, சுவருக்குப் பின்னால் நின்று வேலை பார்க்கக் கற்றுக்கொடுப்பார்கள். பெண் பிள்ளையை எப்படி அனுப்புவது என்று தயங்கும் பெற்றோரிடம் இதைப் பொறுமையாக விளக்கினால் கேட்டுக்கொள்வார்கள். என் அப்பாவுக்கு விளக்க அன்று யாரும் இல்லை.

ஆய்வுக்குப் போகும் பாதை வேறு. இயற்பியல், கணிதம், உளவியல் என்று எந்தப் பட்டத்திலிருந்தும், மின்னணுப் பொறியியலிலிருந்தும் வரலாம். கம்பிச் சுருளை வடிவமைக்கிறவர், படத்தைக் கணக்கிடும் நிரலை எழுதுகிறவர், சோதனையை அமைக்கும் உளவியலாளர் என்று ஒரு குழுவில் எல்லோரும் இருப்பார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தில் மருத்துவ இயற்பியல் எம்.எஸ்ஸி. இருக்கிறது. பெங்களூரில் உள்ள மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம், மானேசர் மூளை மையம் ஆகிய இடங்களில் ஆய்வு செய்யலாம். வீட்டில் பணம் இல்லையே என்கிற பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள்: நெட் போன்ற தேசியத் தேர்வில் தேறி முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தால் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை கிடைக்கும். 2023இல் அதை மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தினார்கள். படிக்கிற காலத்திலேயே வீட்டுக்குப் பணம் அனுப்பலாம். எங்கள் குழுவில் அப்படி அனுப்புகிற இரண்டு பேர் இருக்கிறார்கள்.

தொடங்குவதற்குப் பெரிய கருவியும் தேவையில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் உருவான எஃப்.எஸ்.எல்., அமெரிக்காவில் உருவான ஃப்ரீசர்ஃபர், ஏ.எஃப்.என்.ஐ. போன்ற, மூளைப் படங்களை அலசும் மென்பொருள்களைக் கல்விக்கு இலவசமாகவே பயன்படுத்தலாம். ஓப்பன்நியூரோ என்ற தளத்தில் பெயர் நீக்கிய உண்மையான மூளைப் படங்கள் குவிந்து கிடக்கின்றன. கல்லூரி முதலாண்டில் பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்கும் ஒரு மாணவி, ஒரு மடிக்கணினியை வைத்துக்கொண்டு விடுமுறையில் அவற்றைத் திறந்து பார்க்கலாம்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இது சரிவருமா என்று தயங்காதீர்கள். கட்டுரைகள் ஆங்கிலத்தில் இருக்கும். முதல் இரண்டு வருடம் நான் அகராதியோடு அழுதிருக்கிறேன். ஆனால் மின்காந்தத் தூண்டலை என் ஆசிரியர் தமிழில் ஆழமாக நடத்தியிருந்தார், ஒரு காந்தத்தையும் கம்பிச் சுருளையும் கையில் கொடுத்துக் கால்வனாமீட்டர் முள் அசைவதைப் பார்க்க வைத்தார். ஆங்கிலச் சொல்லை அப்புறம் அதன் மேல் ஒட்டிக்கொள்ள முடிந்தது.

நான் கேட்பது இரண்டுதான். அடுத்த மே மாதம் அந்தத் தாளை அச்சடிக்கும்போது எங்கள் படிப்பை "நீட் கிடைக்காதவர்களுக்கு" என்ற தலைப்பின் கீழிருந்து எடுத்துவிடுங்கள். அதற்கென்று தனியாக அரைப் பக்கம் கொடுங்கள். ஒரு பாதியில் மருத்துவமனை வேலை, மறு பாதியில் ஆய்வு. இரண்டாவது, பத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அருகில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். துறைத் தலைவரிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டால், நோயாளிகள் இல்லாத நேரத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க அனுமதி கிடைக்கும். பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கு எங்கள் ஆட்கள் சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள். எங்களிடம் யாரும் கேள்வி கேட்பதே இல்லை.

போகும்போது ஒரு மரப் பம்பரமும் சாட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். வெளித் தாழ்வாரத்திலேயே விட்டுக் காட்டிவிடுங்கள். அதன் ஆணி இரும்பு, காந்த அறைக்குள் கொண்டுபோகக் கூடாது.

அன்புடன்,
எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன் ஒருத்தி